மூன்றாவது இசைத்தட்டின் இரண்டாவது அடி

டாக்டரம்மா எனக்கு எழுதித் தந்த மருந்துச் சீட்டில் மருந்து என்று எதுவும் இல்லை. நான்கு வரிகள், நான்கும் இசைத்தட்டுகள். எழுபதுகளின் பின்பாதியில், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நான் ஸ்டோர் ரைட்டர். காய் உலர்த்தும் கட்டிடம் என் பொறுப்பு. நெஞ்சு படபடக்கிறதென்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, எதற்குப் பயம் என்றார். யானை, கொண்டை ஊசி வளைவு, மானேஜர் என்றேன். மூன்றுக்கும் மாத்திரை வருவதில்லை என்று சொல்லிவிட்டுச் சீட்டை எழுதினார்.

நான்கும் ஒரே ஆள் எழுதிய இசை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய வியன்னாக்காரர். ஒரு பிரபுவின் அரண்மனையில் சீருடை மாட்டிக்கொண்டு வருஷக்கணக்காகச் சம்பளத்துக்கு வாசித்தவராம். “நம்ம மாதிரி எஸ்டேட் ஆளுதான் தம்பி, கூச்சப்படாமக் கேளுங்க” என்று அறிமுகம் செய்துவைத்தார். புதிதாகக் கேட்பவன் எதில் தொடங்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு. முதலாவது, நான்கு தந்தி வாத்தியங்கள் மட்டும். நான்கு பேர் சண்டையில்லாமல் பேசிக்கொள்வது போலிருக்கும். எங்கள் வீட்டில் நான் கேட்டிராத சத்தம் அது. இரண்டாவதில் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். ஊருக்குப் போக லீவு கிடைக்காத தன் குழுவுக்காக அந்த மனிதர் இசையிலேயே போட்ட விண்ணப்பம். எங்கள் மானேஜர் கேட்டிருக்க வேண்டியது. நான்காவது, உலகம் உண்டானதைக் கூட்டமாகப் பாடுவது. வெளியே தலைகாட்ட முடியாத மழைமாதத்துக்கு. மூன்றாவதற்கு நேரே மட்டும் ‘நான் இருக்கும்போது’ என்று எழுதியிருந்தார்.

காரணம் ஒரு வாரத்தில் தெரிந்தது. ஆஸ்பத்திரி முன்னறையில், ஜன்னலோரம், பேட்டரியில் ஓடும் பிளேயர். தாலாட்டு போல ஒரு மெட்டு, பூனை நடை. கண் சொக்கும் நேரத்தில் எல்லா வாத்தியங்களும் சேர்ந்து ஓர் அடி. நான் நாற்காலியோடு சாய்ந்தேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மெட்டு இன்னும் சாதுவாகத் திரும்பி வந்து, எதிர்பாராத இடத்தில் கோபத்தோடு வெடித்தது. மறுபடி குதித்தேன். “மொத அடியத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. ரெண்டாவதுக்குத்தான் பயப்படணும்” என்றார்.

எங்கள் மலையில் யானைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு தகரச் சத்தம் கேட்டால் நீயும் தட்ட வேண்டும். ஏன், எங்கே என்று கேட்பதெல்லாம் பிறகு. தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் கீழே, ஆஸ்பத்திரி மேலே. கீழே இருப்பவர்கள்தான் தட்டுவார்கள். யானை ஏறிப்போக மேல்பக்கத்தைச் சத்தமில்லாமல் விடவேண்டும்.

ஒருநாள் மாலை நாலரை மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. தேவாரம் ஊரிலிருந்து காய் பறிக்க வந்திருந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. நான் பாட்டுக் கேட்க முன்னறைக்கு வந்திருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மா, தான் முனகிக் காட்டிய அந்தத் தாலாட்டு அவளுக்குப் பிடித்திருக்கிறது, மூன்றாவதை வையுங்கள், அடி வரும்போது சத்தத்தைக் குறைத்துவிடுங்கள் என்றார். முக்கியமான பொறுப்பு கிடைத்த பெருமையில் பிளேயரின் சத்தத் திருகைப் பிடித்துக் காத்திருந்தேன். அடி வந்தது. திருகினேன், எதிர்ப்பக்கம்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆயா, அதைத் தகரமென்று நினைத்து, சட்டத்தின் முதல் பாதிப்படி, கையிலிருந்த வாளியைத் தட்டினாள். லயங்கள் வாளியைக் கேட்டன. ஒரு நிமிஷத்தில் கீழே மலைச்சரிவே தகரமாக அலறியது. யானை எதுவும் வந்ததாக யாருக்கும் தெரியாது. ஆனால் ஓடைக்குள் ஒரு கொம்பன் தன் பாட்டுக்கு நின்றிருந்திருக்கிறது.

ஆயா உள்ளே ஓடிவந்தாள். “கொம்பன் ஏறி வருதும்மா. இங்கிட்டுத்தான்.”

“கத்தாத. பிள்ளை தலை தெரியுது, இவள எங்கயும் தூக்க முடியாது.” பிறகு, குரலை உயர்த்தாமல், “தம்பி, பாட்டு எங்க நிக்குது?”

“ரெண்டாவது அடிக்குக் கிட்டங்கம்மா.”

“அப்ப முள்ளத் தூக்குங்க. வெரசா.”

நான் எதிர்மூலையில், அலமாரிக்குப் பின்னால் இருந்தேன். எப்போது அங்கே போனேன் என்பது என் கால்களுக்குத்தான் தெரியும். திருகு முழுச் சத்தத்தில் நின்றது. பிளேயருக்கு அப்பால் ஜன்னல்; ஜன்னலில் பனிக்குப் பதிலாக ஒரு சாம்பல் நிறச் சுவர். அது மூச்சு விட்டது. அந்தப் பெண் துணியைக் கடித்து முனகுவது கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் பலகைச் சுவர்தான், யானை மிரண்டு ஒரு தள்ளு தள்ளினால் அவள் கட்டிலின் மேல்தான் விழும். நான் தவழ்ந்தேன். இருபத்தாறு வயது ஆண்மகன், எச்சில் விழுங்கும் சத்தத்துக்கும் அஞ்சி, குழந்தையைப் போலத் தவழ்ந்தேன். மெட்டு சாதுவாகிக்கொண்டே வந்தது. அந்தச் சாதுத்தனம் எதற்கு முன்னால் வரும் என்பது திரைக்கு இந்தப் பக்கம் என் ஒருவனுக்குத்தான் தெரியும். தூக்கிவிட்டேன்.

முள்ளின் கையைக் கீழே வைத்தால் ‘டக்’ என்னும். அதனால் வைக்கவில்லை. கண்ணாடியில் ஆவி படிவதும் கலைவதுமாக இருந்தது. கீழே தகரங்கள் ஓய்ந்தன. ஒரு கட்டத்தில் ஜன்னலில் பனி மட்டும் இருந்தது. அதற்கும் வெகுநேரம் கழித்துக் குழந்தை அழுதது. டாக்டரம்மா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் முள்ளை வாங்கினார். “பொம்பளப் பிள்ளை” என்றார். திருகைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. முதல் தகரம் யாருடையது என்று விசாரிக்க வந்த மானேஜரிடம், பனியில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பயந்தது யானைக்கு அல்ல, என் கைக்கு.

இப்போது போடியில் யாராவது, மேல்நாட்டு இசையில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் அதே நான்கை, அதே வரிசையில் சொல்கிறேன். மூன்றாவதை நானும் போனில் அடிக்கடி கேட்பதுண்டு. முதல் அடிக்குப் பிறகு மெட்டு மறுபடி சாதுவாகத் தொடங்கும்போதே விரல் தானாக எழுந்து நிறுத்திவிடுகிறது. அதற்கப்புறம் உள்ளதை நான் ஒரே ஒரு தடவை, யானை வருவதற்கு முன்னால் கேட்டதுதான். எப்படி முடிகிறது என்று, புதிதாகக் கேட்பவர்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.