கைதட்டலும் மெமோவும்

தேயிலை விலை விழுந்ததிலிருந்து குன்னூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் யாருக்கும் கம்பளி கூடக் கொடுக்கவில்லை. ஆனால் இன்று காலை, கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு 'குழுவாக உழைப்பது எப்படி' என்று வகுப்பு நடத்தினார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த பயிற்சியாளர், "கூட வேலை செய்றவங்களுக்கு நீங்க செஞ்ச ஒரு உதவியைச் சொல்லுங்க" என்றார்.

ராணியக்கா எழுந்தார். "போன வாரம் சாந்திக்குக் காய்ச்சலுங்க சார். கொழுந்து எடை குறைஞ்சா கூலியும் குறையுமேன்னு ஆளுக்கு ரெண்டு கை அவ பையில போட்டோமுங்க."

பயிற்சியாளர் கைதட்டினார். மேனேஜரும் தட்டினார்.

வகுப்பு முடிந்ததும் மேனேஜர் ஆபீசுக்கு வந்து, எடையில் ஏமாற்றியதாகச் சாந்திக்கு மெமோ அடிக்கச் சொன்னார். டைப்பிஸ்ட் நான்தான். அடித்தேன். அடித்த கையோடு ராணியக்காவிடம் போய்ச் சொல்லியும் விட்டேன்.

பத்து நிமிடத்தில் எட்டுப் பெண்கள் மேனேஜர் முன்னால் வந்து நின்றார்கள்.

"எங்களுக்கும் ஆளுக்கொரு மெமோ கொடுங்க சார். நாங்களுந்தானுங்க போட்டோம்."

ஏற்கெனவே கொழுந்து எடுக்க ஆள் இல்லை. மேனேஜர் மெமோவைக் கிழித்துப் போட்டார்.

பயிற்சியாளர் கிளம்பும்போது 'சிறந்த குழுத் தலைவர்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார். மேனேஜருக்கு.

அதைச் சுவரில் மாட்டும் வேலையும் எனக்குத்தான் வந்திருக்கிறது. யாரிடமாவது ஆணி இருக்கிறதா?