வேணு கண்டக்டர் வாயை மூடிய கதை

அடி அண்ணாமலையிலிருந்து திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் மினி பஸ்ஸில் வேணு பதினெட்டு வருடமாகக் கண்டக்டர். ஒருமுறை அந்த பஸ்ஸின் ஹாரன் பழுதானபோது, டிரைவர் தசரதன் நான்கு நாள் அதைச் சரிசெய்யவே இல்லை. வேணு படிக்கட்டில் நின்று ஒரு குரல் கொடுத்தால் முன்னால் போகிற ஆட்டோ தானாக ஒதுங்கிவிடும். ரமணாசிரமம் நிறுத்தத்தில் ஏறுகிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் சில்லறையை நீட்டுவார்கள். ரகசியம் என்று அவர் வாயில் எதுவும் தங்காது. யார் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் மாடு கன்று போட்டது, எந்தப் பையன் எத்தனை அரியர் வைத்திருக்கிறான் எல்லாம் ஒரு டிக்கெட் எடுத்தால் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவருடைய மகளுக்குத்தான் வெளியே சொல்லக் கூசுகிற நோய் வந்தது.

கவியாவுக்குப் பதினாறு வயது. டவுனில் பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன். ஆடி மாதம் வயிற்றுவலி என்றாள். பரீட்சைப் பயம் என்றார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். வாயெல்லாம் புண்ணானதும் உடம்புச் சூடு என்று சொல்லித் தலைக்கு எண்ணெய் வைத்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேணுவின் அக்கா பாஞ்சாலை வந்து மிளகாய் சுற்றிப் போட்டாள். அந்த நெடியில் வீடே இருமியதுதான் மிச்சம். நாற்பத்தாறு கிலோ இருந்த பெண் முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டாள். யூனிபார்மை இரண்டு தடவை பிடித்துத் தைத்தும் நிற்கவில்லை. கடைசியில் டவுன் டாக்டர் ஒருவர், இது நம்மால் ஆகாது, வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வேலூரில் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா பெயரைச் சொன்னார். குரோன்ஸ். வேணு முதல் இரண்டு நாள் அதைக் குரோம்பேட்டை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கண்டக்டர் வாயில் ஊர்ப் பெயர்தானே முதலில் வரும். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் சொந்தக் குடலையே தாக்குகிறது, அதனால் புண், மற்றவருக்குத் தொற்றாது, அடியோடு போகாது, ஆனால் மருந்தால் அடக்கி வைக்கலாம் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

வேணுவின் மனதில் அதுவரை ஒரு முள் இருந்தது. ஆனிப் பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் மகளுக்குப் பானிபூரி வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

"நான்தாம்மா வாங்கிக் குடுத்தேன். ரெண்டு பிளேட்டு. அதனாலதான் வந்துச்சா?" என்றார். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது.

"பானிபூரியால வராதுங்க. நீங்க செஞ்ச எதனாலயும் வரல" என்றார் டாக்டரம்மா.

வேணுவுக்கு அழுகை வந்தது. அதுவும் சத்தமாகத்தான் வந்தது. கவியா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து அப்பாவின் தோளைத் தட்டினாள்.

வைத்தியம் விநோதமாக இருந்தது. எட்டு வாரம் சாப்பாடே கிடையாது. டப்பாவில் வருகிற ஒரு சத்துப் பவுடரைக் கலந்து வேளாவேளைக்குக் குடிக்க வேண்டும், அதோடு தண்ணீர். குடல் ஆறுவதற்கு அதுதான் வழி. வேணுவின் மனைவி சந்திரகலா ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். கணவனுக்கு நேர் எதிர், அளந்துதான் பேசுவாள். ரிப்போர்ட்டுகளை மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து, ஃபைல் போட்டு, தம்ளர்களில் அளவுக்குக் கோடு கிழித்து வைத்துவிட்டாள். வேணுவுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மகள் சாப்பிடாதபோது தானும் சாப்பிடப் போவதில்லை என்று அறிவித்தார். பவுடர் டப்பாவில் கை வைக்கக் கூடாது என்று சந்திரகலா சொல்லிவிட்டதால் அவருக்கு மூன்று வேளையும் கூழ்.

முதல் நாள் வீராப்பாகப் போனது. இரண்டாம் நாள் நூறு ரூபாய்க்கு இருநூறு ரூபாய்ச் சில்லறை கொடுத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் வாயில் சோம்பு மென்றுகொண்டே வீட்டுக்கு வந்தார். கவியா பக்கத்தில் வந்து மோந்து பார்த்தாள்.

"எத்தனை பரோட்டா?"

"ரெண்டுதாம்மா."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாலு" என்றார் வேணு.

"நீ கூழ் குடிச்சா என் வயிறு ஆறிடுமாபா? ஒழுங்கா சாப்புடு. ஆனா எங்கிட்ட வந்து பொய் சொல்லாத." தன் பவுடர் தம்ளரை எடுத்துக்கொண்டு, "சால்னா எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

வேணு தயங்கினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். எண்ணெய் மேலே மிதந்தது, பட்டை கொஞ்சம் ஜாஸ்தி, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு மேலே ஊற்றியதும் ஓரம் மட்டும் மொறுமொறு என்று நின்றது. பத்து நிமிடம் சொன்னார். கவியா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே அந்த வெனிலா வாசனைத் தம்ளரைக் காலி செய்துவிட்டாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் அதுதான் அவளுக்குத் தொட்டுக்கொள்ள. ஒரு நாள் மெதுவடையில் உப்புக் கம்மி என்று அவர் சொன்னதும், அந்தக் கடைக்கு இனிமேல் போகாதே என்று கோபித்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் பள்ளிக்குக் கிளம்பினாள். காலை எட்டு மணி டிரிப், அப்பாவின் பஸ். நிற்க இடமில்லாத கூட்டம். செங்கம் ரோட்டை நெருங்கும்போது கவியா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது. வேணு விசில் ஊதினார். பஸ் நின்றது. அதுவரை சரி. எதிரே இருந்த கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேனைப் பார்த்து அவர் ஒரு குரல் கொடுத்தார்.

"தம்பி, பாத்ரூம் தொறந்து வுடு! என் பொண்ணுக்கு வயித்தால போவுது!"

ஏழு நிமிடம் கழித்துக் கவியா திரும்பியபோது பஸ் முழுவதும் வைத்தியர்கள். மாதுளை ஓடு என்றது ஒரு குரல். சுண்டைக்காய் வற்றல் என்றது இன்னொன்று. வெளிநாட்டம்மா ஒருத்தி பையிலிருந்து ஏதோ உருண்டையை எடுத்து நீட்டினாள். பின் சீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு வரை வந்து இறங்கிப் போனாள். மூன்று நாள் அப்பாவிடம் பேசவில்லை. சாயங்காலக் கதையும் நின்றது. பாஞ்சாலை போன் செய்து, பஸ் வழியாகச் செய்தி கீழ்பென்னாத்தூர் வரைக்கும் வந்துவிட்டது என்று சொன்னபோதுதான் வேணுவுக்குத் தான் செய்தது முழுதாகப் புரிந்தது.

"பசியைக்கூட அவ பொறுத்துக்குவா. நீங்க அவளை நடு ரோட்ல நிறுத்திட்டீங்க" என்றாள் சந்திரகலா. அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே அபூர்வம்.

நான்காம் நாள் வேணு மகளின் எதிரில் போய் உட்கார்ந்தார். தப்புதான் என்றார். ஆனால் தினம் எத்தனை தடவை போகிறாள் என்று கணக்கு எழுதச் சொல்லியிருக்கிறாரே டாக்டரம்மா, அதை எப்படிக் கேட்பது?

கவியா யோசித்தாள். "எத்தனை டிரிப்னு கேளு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அன்றிலிருந்து சாயங்கால பஸ்ஸில் அவள் ஏறியதும், "இன்னிக்கு எத்தனை டிரிப்?" என்பார் வேணு. "அஞ்சு. ரெண்டு எக்ஸ்பிரஸ்" என்பாள். தசரதன் மட்டும் குழம்பிப் போய், நம்ம ரூட்ல எக்ஸ்பிரஸ் எப்ப வுட்டாங்க என்று கேட்டார். வேணு பதில் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் பதில் சொல்லாமல் விட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் மகளின் பையை எடுத்தபோது கனமாக இருந்தது. மதியம் குடிக்க வேண்டிய பாட்டில் அப்படியே இருந்தது. நான்கு நாளாக அப்படித்தான் என்று விசாரித்ததில் தெரிந்தது. வகுப்பு நடுவில் வெளியே போகக் கேட்டால், இப்பத்தானே போயிட்டு வந்தே என்கிறார்களாம். அதனால் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். வேணுவுக்கு ரத்தம் கொதித்தது. இப்போதே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்கிறேன் என்று எழுந்தார்.

"வா. ஆனா நீ பேசக் கூடாது" என்றாள் கவியா.

மறுநாள் வேணு டாக்டரின் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மகளோடு ஆசிரியர் அறையில் நின்றார். வகுப்பாசிரியை எழிலரசி புதிதாக மாற்றலாகி வந்தவர். என்ன விஷயம் என்று கேட்டார். வேணு கடிதத்தை நீட்டினார். நீங்கள்தான் அப்பாவா என்றதற்குத் தலையாட்டினார். பொண்ணுக்கு என்ன செய்கிறது என்றதற்கு மறுபடி கடிதத்தைக் காட்டினார். கண்ணெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எழிலரசி ஏதோ புரிந்துகொண்டவராகக் குரலை மென்மையாக்கி, உட்காருங்கள் என்று சைகை காட்டி, தண்ணீர் வேண்டுமா என்று கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் கேட்டார்.

அப்போது உள்ளே வந்த கணக்கு டீச்சர் வேணுவின் பஸ்ஸில் தினமும் வருபவர். "இன்னா மிஸ், வேணு அண்ணங்கிட்ட போய் சைகையில பேசறீங்க? ஊருக்கே அவர்தான் மைக் செட்டு" என்றார்.

கவியா சிரித்தாள். ஆடிக்குப் பிறகு வீட்டிலும் வெளியிலும் யாரும் கேட்காத சிரிப்பு. எழிலரசியும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் கடிதத்தைப் படித்தார். மீதியைக் கவியாவே சொன்னாள். இந்த மாதிரி ஒரு நோய், மனசு வைத்தால் அடக்குகிற விஷயம் இல்லை, மதியம் அந்த பாட்டிலைக் குடித்தே ஆக வேண்டும். மூன்று வாக்கியம்தான். அப்பா ஒரு மணி நேரம் பேசினாலும் அவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

"நீ சாக்கு சொல்றேன்னு நெனச்சிட்டேம்மா" என்றார் எழிலரசி. கதவோரம் இடம் மாற்றினார். கேட்காமலேயே போய் வரலாம் என்றார். டீச்சர்கள் உபயோகிக்கிற பாத்ரூம் சாவியில் ஒன்று அவளிடம் வந்தது. கேட்டைத் தாண்டும் வரைக்கும் வேணு பேசவில்லை. தாண்டியதும் பஸ் ஸ்டாண்டு வரை நிறுத்தவில்லை.

எட்டு வாரம் முடிந்தபோது கவியா நாற்பத்து மூன்று கிலோ இருந்தாள். ரத்தப் பரிசோதனை தேறியிருந்தது. மாத்திரை தொடர வேண்டும் என்றார் டாக்டரம்மா. முதலில் ஒரு இட்லி சாப்பிடச் சொன்னார். அந்த இட்லியைக் கவியா இருபது நிமிடம் தின்றாள். சந்திரகலா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மார்கழியில் மறுபடி வலி வந்தது. இரண்டு வாரம் பள்ளி போனது, மருந்து மாறியது. அந்த இரண்டு வாரமும் கவியா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் எனக்கு என்று ஒருநாள் கேட்டாள். வேணு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். தையில் வலி குறைந்தது.

மாசியில் வகுப்போடு சாத்தனூர் அணைக்குச் சுற்றுலா. வேனில் போய்விட்டு அன்றைக்கே திரும்புவது. தானும் வரட்டுமா என்று வேணு கேட்க நினைத்து, கேட்காமல் டியூட்டிக்குப் போனார். மாற்று உடை, மாத்திரை, டிஷ்யூ எல்லாம் கவியா தானே எடுத்து வைத்துக்கொண்டாள். வழியில் ஒருமுறை வேனை நிறுத்தச் சொன்னாளாம். அவள் இறங்கியதும் இன்னும் நாலு பெண்கள், நாங்களும் ரொம்ப நேரமா அடக்கிக்கினு இருந்தோம் என்று பின்னாலேயே இறங்கினார்களாம்.

சாயங்காலம் வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தாள். முதலைப் பண்ணையில் முப்பது நிமிடம் நின்றதாகவும், ஒரு முதலைகூட அசையவில்லை என்றும், அதெல்லாம் பொம்மையாகத்தான் இருக்கும் என்றும் அடித்துச் சொன்னாள். வறுத்த மீன் ஒரே ஒரு துண்டு சாப்பிட்டாளாம். முள் எப்படி இருந்தது, மேலே மசாலா எப்படி ஒட்டியிருந்தது, எலுமிச்சம்பழம் எவ்வளவு பிழிந்தார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, வேணு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் சந்திரகலா, சோறு ஆறுகிறது, இரண்டு பேரும் எழுந்து வாருங்கள் என்றாள்.