அண்ணே என்றே கூப்பிடுங்கள்

பிள்ளைகளே, கடைத்தெருவில் ஒருவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டதற்கு, ‘யாருக்கு யாருடா அண்ணன்?’ என்று அவர் கேட்டதாக அழுதுகொண்டு வந்தீர்கள். அழ வேண்டாம். அப்பா எழுதுவதைப் படியுங்கள்.

வீட்டில் அண்ணன் என்றால் முன்னே பிறந்தவன். நம் வட ஆர்க்காட்டு ஊரில் அந்தச் சொல் எனக்குச் சேரிக்குள் மட்டுந்தான் செல்லும். சேரியைத் தாண்டினால், நிலத்துக்காரர் வீட்டில் நேற்று நடக்கப் பழகிய பிள்ளையையும் ‘ஆண்டே’ என்றே கூப்பிட வேண்டும். இங்கே தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கிய பிறகுதான் எல்லாரும் எல்லாரையும் அண்ணே என்றார்கள். பக்கத்தில் கல் உடைக்கிற தெலுங்குக்காரருக்கும் அது அண்ணாதான், கன்னடக்காரருக்கும் அண்ணாதான். இருட்டில் முகம் தெரியாது. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

எங்களை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி நம் ஊர் நிலத்துக்காரர் மகன். என்னைவிட இளையவர். ஒரு நாள் அவர் தலைக்கு மேலே கல் அசைவதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, “அண்ணே, தள்ளிக்கோ” என்று கத்தினேன். விலகினார். அவர் நின்ற இடத்தில் கல் விழுந்தது.

மேலே வந்ததும் பிழைத்ததைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. ஷிப்டு முடிந்து நின்ற அத்தனை பேர் முன்னால், கீழே தன்னை என்னவென்று கூப்பிட்டேன் என்று கேட்டார். இப்போதே ஆண்டே என்று திருத்திச் சொல்லாவிட்டால் நாளைக்குத் தன் கும்பலில் எனக்கு இடமில்லை என்றார். உங்கள் அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். வேறு வேலையும் கையில் இல்லை.

“வயசுக்குப் பார்த்தா தம்பின்னு கூப்ட்டிருக்கணுங்க,” என்றேன். “மரியாதைக்குத்தான் அண்ணேன்னேன்.”

சுரங்கக் கூரை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற தெலுங்குக்காரர் சிரித்துவிட்டார்.

“இன்னாடா சொன்ன?” என்றார் மேஸ்திரி.

சொன்னதையே இன்னொரு தரம் சொன்னேன். வேலை போயிற்று. இங்கேயே ஊரிகம் பக்கத்தில் வேறொரு சுரங்கக் குழியில் கூடை சுமக்கும் வேலை கிடைக்கும்வரை, கூழில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குடித்தோம். அதற்காக நான் அன்றும் வருத்தப்படவில்லை, இன்றும் படவில்லை. நாளைக்கும் அந்தக் கடைக்குப் போங்கள். அண்ணே என்றே கூப்பிடுங்கள்.

வேலை போன அன்று, கூலிக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீட்டுக்குத் தனியாக நடந்தேன். பாதி வழியில்தான், தலைப்பாகை என் கக்கத்தில் இருப்பதைக் கண்டேன். ஊரில் ஆண்டைகள் முன்னால் செய்து பழகியபடி, அவரிடம் பேசும்போதே கை அதுவாக அவிழ்த்திருக்கிறது. பாதையில் நின்று, அதை உதறி, மறுபடி தலையில் இறுகக் கட்டிக்கொண்டேன்.