சர்வர் நெற்றியில் பழைய பொட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே சரக்கை லாரியில் அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் பில்லும் லேபிளும் அச்சிடுவது ஒரு பழைய யூனிக்ஸ் சர்வர். அதை வாங்கியபோது நான் பால்வாடிக்குக்கூடப் போயிருக்க மாட்டேன். இப்போது அதற்கு உடம்பு சரியில்லை என்றால், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் எங்கள் கம்பெனி என்னைத்தான் அனுப்புகிறது.

வெள்ளானூரில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதே எஸ்டேட்டில் மூட்டை தூக்கிய அப்பா கைநாட்டு வைப்பவர். அதனால் கேட்டில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் கொஞ்சம் பெரிதாகவே போடுவேன்.

அன்று மழை. ஆயுத பூஜை முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகுதான் சர்வர் திணற ஆரம்பித்தது என்றார் மேனேஜர். மதியத்துக்குள் திரை உறைந்துவிடும். ஸ்வாப் இடம் போதவில்லை என்று ஒரு வரி வரும். பிறகு சாயங்காலம் எல்லோரும் திரைகளை மூடும்வரை எதுவும் நகராது.

"எல்லாம் அந்தம்மா பண்றதுதான் மேடம். பத்து ஸ்கிரீன் திறந்து வெச்சா மெஷின் தாங்குமா? நீங்க பாத்துச் சொல்லுங்க. அவங்க தப்புன்னா நாளைக்கே பேக்கிங்குக்கு மாத்திடறேன்."

'அந்தம்மா' என்று அவர் சொன்னது பில் போடும் அக்காவை. ஆவடியிலிருந்து வருகிறவர். பேக்கிங் என்றால் நாள் முழுக்க நின்றே வேலை. அக்காவின் முட்டி இரண்டும் வீங்கியிருந்ததை, அவர் எழுந்து எனக்கு நாற்காலி தந்தபோதே பார்த்தேன்.

"நீங்க உக்காருங்கக்கா. நான் நின்னே பாப்பேன்."

ஜன்னலில் ஒரு லாரி டிரைவரின் தலை தெரிந்தது. "இன்னாக்கா, வண்டி மழைல நனஞ்சிகினு கீது. பில்லு வருமா, இல்ல அடுத்த பூஜைக்குத்தான் வருமா?"

"வரும்டா, இரு."

"சாமி நாள்ல மிசின ஓட்டுனா சும்மா உடுமா? நாங்கல்லாம் பொரி துன்னுகினு இருக்கசொல்ல நீ டக்கு டக்குனு தட்டிகினு இருந்தியே!"

"நீ துன்னுட்டு ஏத்திகினு போன லோடுக்கு யாருடா பில் போட்டது? உங்க மாமியாரா?"

டிரைவர் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. கழுத்துச் சிலுவையை விரலால் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

ஸ்வாப் என்பதை நான் எங்கள் வீட்டை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். ஒற்றை அறை. விருந்தாளிகள் வந்தால் பாய், தலையணை, துணி மூட்டையெல்லாம் பக்கத்து வீட்டுப் பரணுக்குப் போகும். அவர்கள் கிளம்பியதும் திரும்பி வரும். சர்வரும் அப்படித்தான். நினைவகத்தில் இடம் நெருக்கினால், அப்போதைக்கு வேண்டாததை ஹார்ட் டிஸ்கில் ஸ்வாப் என்று ஒதுக்கிய பகுதிக்குத் தள்ளும். அந்தப் பரணும் நிறைந்துவிட்டால் வீட்டில் நிற்கவும் இடமிருக்காது.

முதலில் டிஸ்கில் காலியாக இருந்த இடத்தில் ஒரு ஃபைலை உருவாக்கி, அதையும் ஸ்வாப்போடு சேர்த்தேன். திரை மெல்ல அசைந்தது. டிரைவருக்குப் பில் கிடைத்தது. ஆனால் அது தற்காலிகம்தான். பரணை நிறைத்தது யார்?

அக்கா திறந்து வைத்திருந்த திரைகள் எடுத்துக்கொண்ட இடம் சொற்பம். லேபிள் அச்சிடும் புரோகிராம்தான் மலைபோல் வளர்ந்திருந்தது. ஒவ்வொரு லேபிளுக்கும் கொஞ்சம் இடம் எடுக்கிறது. வேலை முடிந்தும் திருப்பித் தருவதில்லை. பழைய குறை. அப்படியானால் இத்தனை வருடம் ஏன் தெரியவில்லை?

சர்வர் கடைசியாக எப்போது அணைந்து எழுந்தது என்று பார்த்தேன். போன வருட ஆயுத பூஜைக்கு மறுநாள். நிமிர்ந்தபோது அதன் நெற்றி கண்ணில் பட்டது. ஹாலில் எல்லா இயந்திரங்களிலும் புதுச் சந்தனப் பொட்டு இருந்தது. இதில் மட்டும் வெடித்து உதிர்ந்த பழைய பொட்டு.

"இந்த வருஷம் இதுக்குப் பூஜை போடலையாக்கா?"

"அர்ஜென்ட் லோடு இருந்திச்சு கண்ணு. நீங்கல்லாம் சாமி கும்பிடுங்க, நான் உக்காந்து அனுப்பிடறேன்னு சொன்னேன். மிசினு ஓடிகினு இருக்கு, ஈரக்கையோட தொடாதீங்கன்னும் நான்தான் சொன்னேன்." குரல் இறங்கியது. "அப்போ அவன் சொன்னது நெஜந்தானா? என்னாலதானா?"

பொய் சொல்லியிருக்கலாம். பூஜை என்ற பேச்சையே எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பாதி சொன்னால் மீதியை இந்த ஹால் தானே இட்டுக்கட்டிக்கொள்ளும் என்று தோன்றியது.

"புரோகிராம் எழுதினவங்க விட்ட குறைக்கா. வருஷா வருஷம் பூஜைக்கு அணைச்சி எழுப்பினதுல அது மறைஞ்சிகினே இருந்திச்சு. நீங்க அன்னிக்கு வேலை பாத்ததால வெளிய வந்திச்சு. அவ்ளோதான்."

மேனேஜரிடமும் இதையே சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தினார். "அப்போ அவங்க அணைக்காம விட்டதுதானே காரணம்?"

"அன்னிக்கு அணைக்க வேண்டாம்னு முடிவு பண்ணது யார் சார்?"

மேஜை மேலிருந்த டீயை அவர் ஓரமாகத் தள்ளினார். "நான்தான்," என்றார். "லோடு போயே ஆகணும்னு இருந்திச்சு. அவங்க ஒத்துக்கலன்னா நான்தான் உக்காந்திருக்கணும்."

லேபிள் புரோகிராமை மட்டும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். ஸ்வாப் சட்டென்று காலியானது. ஞாயிறுதோறும் அது தானாகவே நின்று எழும்படி ஏற்பாடு செய்துவிட்டு, அதையும் அவரிடம் சொன்னேன்.

"சரி," என்றார், அக்காவின் பக்கம் திரும்பாமல். "அவங்க அங்கியே இருக்கட்டும்."

ஜன்னலில் வேறொரு டிரைவர். "அக்கோவ், மிசினுக்கு மந்திரிச்சாச்சா?"

"வாரா வாரம் லீவு குடுத்துட்டாங்கடா. உனக்குத்தான் கெடையாது. வண்டி நம்பர் சொல்லு."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, வீங்கிய காலை ஒரு காலி அட்டைப்பெட்டி மேல் நீட்டிக்கொண்டு, தட்டத் தொடங்கினார்.