செம்பனுக்குப் போட்ட செலவுத் திட்டம்

இந்த மலையில் பொழுது சாயும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாராவது நின்று நாயைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். மண்வெட்டி வெளியே கிடக்கும். விறகும் கூடையும் உலராத துணியும் வெளியே கிடக்கும். நாய் மட்டும் உள்ளே போகும்; அதன் பின்னால் கதவு தாழிடப்படும். அடுப்பங்கரையை ஒட்டிச் சாக்கு விரித்து அதைப் படுக்க வைக்கிறார்கள். ஓர் இரவு கூட அது வானத்தைப் பார்ப்பதில்லை. போடியிலிருந்தோ சிலமலையிலிருந்தோ இதைப் படிப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கும், யாராவது காட்டியிருந்தால். ஆனால் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஓர் ஓடையும் ஒரு மேடும் பனியும் இருந்தன. மாலையில் அங்கே கதவு சாத்தப்படுவதை நாங்கள் பார்த்ததில்லை.

நாய்க்குச் செலவு என்று ஒன்று இருப்பதே எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. போடியில் ஒரு தெருவுக்கு நாலைந்து நாய்கள் இருக்கும். எந்த வீட்டுக்கும் அவை சொந்தமில்லை. எல்லா வீட்டு எச்சில் இலைக்கும் அவற்றுக்குப் பாத்தியதை உண்டு. கல்யாண வீடு இருந்தால் கொழுக்கும், ஆடி மாதம் மெலியும். ராத்திரி அந்நியன் வந்தால் குரைக்கும். நாங்கள் அதற்குக் கூலி கொடுத்ததில்லை. மலையிலோ தெரு இல்லை. எச்சில் இலை விழும் இடமும் இல்லை. இங்கே ஒரு நாய் உயிரோடிருக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் அதற்காக எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

போடியை ஒட்டிய சிலமலையில் எங்கள் கிணறு வற்றிய பிறகு அப்பா நிலத்தை விற்றுவிட்டுப் போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். பஸ்சில் சில மணி நேரப் பயணம்தான். ஆனால் மெட்டில் சோதனைச் சாவடியைக் கடந்ததும் சர்க்கார் மாறிவிடுகிறது, பள்ளிக்கூடத்துப் பலகையில் எழுத்து மாறிவிடுகிறது, மழைக்குக்கூட வேறு குணம் வந்துவிடுகிறது. அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தவர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மாமா. பல வருஷம் முன்னாலேயே மலையேறியவர். அவருடைய தோட்டமும் எங்களுடையதும் ஒரே வேலியின் இரு பக்கம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. போடியில் ஏலக்காய் வாங்குகிறவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

முதல் பருவத்திலேயே வேலியோரச் செடிகளில் காய் நிற்கவில்லை. ஏலச் செடியில் காய் தரையை ஒட்டிச் சரம் சரமாகக் கிடக்கும். பழுக்கக் காத்திருந்து பறிக்க வேண்டும். நாங்கள் காத்திருந்தோம். காலையில் போய்ப் பார்த்தால் சரம் மட்டும் இருந்தது. மதுரையில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அடுத்த வருஷப் படிப்பு அந்தக் காயில்தான் இருந்தது. “விளைஞ்சா நீ போறே, விளையலேன்னா இங்கன இரு” என்று அப்பா ஒளிக்காமல் சொல்லியிருந்தார். விளைந்தது. களவு போனது.

ஆகவே விடுமுறையில் நான் ஒரு நாய்க்குத் திட்டம் போட்டேன். சிலமலையில் ஆட்டுக்கிடை போடுகிறவரிடம் குட்டி வாங்க ஒரு தொகை. கேழ்வரகு, அது கூழாகவும் களியாகவும். போடிச் சந்தையில் கருவாட்டுத் தலை, அதை மலிவாகத் தருவார்கள். அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பும் வேப்பெண்ணெயும். இரும்புச் சங்கிலி ஒன்று. காய்ச்சல் வந்தால் போடிக்குக் கொண்டுபோக பஸ்சுக் கூலி. இவற்றுக்கு ஈடாக நான் வாங்கிக்கொண்டிருந்த மாதப் பத்திரிகையை நிறுத்தினேன். அம்மா சாயங்காலக் காப்பியை விட்டாள். அப்பாவின் வெற்றிலையில் கைவைக்க மனமில்லாமல் புகையிலையில் மட்டும் பாதியைக் குறைத்தேன்.

“நாய்க்குப் பட்ஜெட்டாடி? மெட்ராசுல மந்திரியா இருக்க வேண்டியவ, இங்கன வந்து பெறந்துட்டே” என்றாள் அம்மா.

“மந்திரி எம் பொகையிலையில வரி போட்டுட்டாக” என்றார் அப்பா.

அந்தத் திட்டம் இன்றும் எனக்கு மனப்பாடம். அதில் ஒரு செலவு விட்டுப்போயிருந்தது. மலையில் நாய்க்கு ஆகும் முதல் செலவு சோறு அல்ல, கதவு. அதை எங்களுக்குச் சொல்லக்கூடியவர் ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

செம்பன் வந்தான். செங்கல் நிறம், ஒரு காது மடிந்தது. அவன் வளர்ந்து குரல் உடைந்ததும் வேலியோரக் காய் செடியிலேயே பழுக்கத் தொடங்கியது. அந்தப் பருவத்தில் முதல் பறிப்பு முழுதாகக் கைக்கு வந்தது. அவனை நாங்கள் வேலிப் பக்கத்து இறவாரத்தில் கட்டியிருந்தோம். வீட்டுக்குள் விடும் எண்ணம் யாருக்கும் எழவில்லை. சாமி மாடத்துக்கு எதிரே நாய் நடமாடுவதை அம்மா நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டாள். மாமா ஒருமுறை வந்து அவனை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “நல்லாத்தான் வளத்திருக்கே ஆத்தா” என்றார். செம்பன் அவரைப் பார்த்து மட்டும் ஓயாமல் குரைத்தான்.

ஒரு பிற்பகல் ஓடையைத் தாண்டி ஏலியம்மா சேச்சி வந்தார். மலைக்கு மேற்கே, பாலா பக்கத்துக் கீழ்நாட்டிலிருந்து குடியேறி வந்த குடும்பம். எங்களைப் போலவே புதியவர்கள், வேறு திசையிலிருந்து. இடுப்பில் கைக்குழந்தையோடு நின்று, செம்பனைக் காட்டிக் காட்டி விரைவாகப் பேசினார். குரல் உயர்ந்திருந்தது. எனக்குப் புலி என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. இரண்டு மொழியும் அறிந்தவர் மாமா ஒருவர்தான் என்பதால் அப்பா வேலியோரம் போய் அவரைக் கூப்பிட்டார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், சேச்சி சொன்னதைக் கேட்டார், தலையாட்டினார்.

“புலின்னு ஏதோ சொல்றாகளே மாமா?” என்றேன்.

“அது ஒண்ணுமில்ல ஆத்தா. ஒன் நாயி புலி மாதிரிக் கத்துதாம். பச்சப்புள்ள தூங்க மாட்டேங்குதாம். வீட்டப் பாத்துக் கட்டாம, அங்கிட்டு மேட்டுல பலா மரத்துல கொண்டுபோய்க் கட்டச் சொல்றா.”

“நாமதான் புதுசா வந்தவுக. அனுசரிச்சுப் போவோம்” என்றார் அப்பா. மாமா மலையாளத்தில் சேச்சியிடம் ஏதோ சொன்னார். சேச்சியின் முகம் தெளிந்தது. என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். குறை சொல்ல வந்தவள் கன்னத்தை ஏன் தட்டுகிறாள் என்று நான் யோசித்திருக்கலாம். அந்நியருடைய கையசைவுகளுக்கு அகராதி இல்லை என்று விட்டுவிட்டேன்.

பலா மரம் காட்டை ஒட்டி இருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் கூழ்ச்சட்டியோடு போனேன். சங்கிலி மரத்தில் இருந்தது. கழுத்துப் பட்டை சங்கிலியில் இருந்தது. ஈர மண்ணில் எதையோ இழுத்துப் போன தடம் காட்டுக்குள் போனது. மாமா வந்து பார்த்து, நாக்கைச் சப்புக் கொட்டினார். “சிறுத்தை வேல. நாயிதான அதுக்குப் பலகாரம். மலையில இதெல்லாம் சகசம் மாப்ளே” என்று அப்பாவிடம் சொன்னார். சகசம் என்றால் முன்பே ஏன் சொல்லவில்லை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அடுத்த பறிப்புக்குப் போனபோது வேலியோரச் சரங்கள் மொட்டையாக இருந்தன. அந்த வருஷம் நான் மதுரைக்குத் திரும்பவில்லை.

எனக்கு ஒரு வருஷம் கிடைத்தது. அதை நான் வீணாக்கவில்லை. தன் பிள்ளை தூங்குவதற்காக என் நாயைக் காட்டோரம் அனுப்பியவளை அவள் மொழியிலேயே கேட்பது என்று முடிவு செய்தேன். உப்பும் மிளகாயும் மடித்து வந்த மலையாளச் செய்தித்தாள்களைக் கிழியாமல் பிரித்தேன். எழுத்தை பஸ்சுப் பலகைகளிலிருந்து கற்றேன். இலக்கணம் எனக்குப் புதிதல்ல. இரண்டு மொழிக்கும் எலும்பு ஒன்றுதான், சதைதான் வேறு. தேநீர்க் கடைக்கு வெளியே கூடையோடு நின்று, பேசாமல் கேட்டேன். பேசாதிருப்பது எனக்குச் சிறுவயது முதலே கைவந்தது. சொல்ல வேண்டிய வாக்கியங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு ஒருநாள் ஓடையைத் தாண்டினேன்.

ஏலியம்மா சேச்சி மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கறுப்பு நாய் படுத்திருந்தது. அதன் கழுத்தில் முள்பட்டை ஒன்று இருந்தது, சிறுத்தை கழுத்தைக் கவ்வாதிருக்க வெளிப்பக்கமாக ஆணி நீட்டிய இரும்புப் பட்டை. என் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். சேச்சி கத்தியைக் கீழே வைத்தார்.

“ஞானோ? நாயெ அகத்து கிடத்தான் அல்லே மோளே ஞான் பறஞ்ஞது?” என்றார். நாயை உள்ளே படுக்க வைக்கத்தானே சொன்னேன் என்கிறார். அன்றைக்கு முந்தின இரவு புலி (சிறுத்தையைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்) தன் வீட்டு வாசல் வரை வந்ததாகவும், சுற்றுவட்டாரத்தில் நாயை வெளியே கட்டியிருப்பவர்கள் நாங்கள் மட்டும்தான் என்பதால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததாகவும் சொன்னார். மாமா அவரிடம் சொன்ன பதில் இது: சொல்லிவிட்டேன், இன்றைக்கே உள்ளே கட்டுவார்கள். அதனால்தான் முகம் தெளிந்தது. அதனால்தான் கன்னத்தைத் தட்டினார்.

நான் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மிச்சமிருந்தன. முகவரி மட்டும் மாறியது.

வீட்டுக்கு வந்து இரண்டாவது திட்டத்தைப் போட்டேன். சேச்சியின் நாய் ஈன்ற குட்டி ஒன்று. விலைக்குப் பதில் போடியிலிருந்து கருப்பட்டி. கொல்லரிடம் அடித்த முள்பட்டை. இறவாரத்தை அடைத்துப் பலகைக் கதவு. கேழ்வரகும் கருவாடும் முன்போலவே. சங்கிலி கிடையாது. அம்மாவிடம் சேச்சி சொன்னதைச் சொன்னேன். அவள் எழுந்து அடுப்பங்கரைக்கு வெளியே ஒரு சாக்கை விரித்தாள். “இந்த எடத்தத் தாண்டி வரப்படாது” என்று மட்டும் சொன்னாள். குட்டிக்குக் கைசர் என்று சேச்சி பெயர் வைத்தார். ஒரு ராஜாவின் பெயராம். எங்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழ் குடிக்கும் ராஜா.

கைசர் முழு நாயாகும் வரை நான் காத்திருந்தேன். மாமாவின் பிழைப்பு ஏலக்காய் மட்டுமல்ல, நாக்கும்தான். பறிப்புக் காலத்தில் போடி வியாபாரியின் ஆள் ஜீப்பில் வந்து தேநீர்க் கடை வாசலில் தராசைத் தொங்கவிடுவார். கீழ்நாட்டிலிருந்து புதிதாகக் குடியேறியவர்களுக்குத் தமிழ் தெரியாது. மாமா நடுவில் உட்காருவார். விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் கையை விட்டு வியாபாரியின் ஆளும் மாமாவும் விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். அது நம் சந்தைகளில் எல்லோரும் அறிந்த வழக்கம். பிறகு மாமா துண்டை எடுத்துக்கொண்டு விலையை மலையாளத்தில் அறிவிப்பார். பணமும் அவர் கை வழியாகத்தான் போகும்.

ஏலியம்மா சேச்சியின் மூட்டை தராசில் ஏறிய அன்று நான் கைசரோடு அங்கே போனேன். துண்டு விரிந்தது, விரல்கள் பேசின, துண்டு மடிந்தது. காயில் ஈரம் இருக்கிறது, இரண்டாம் தரம் என்று மாமா மலையாளத்தில் சொன்னார். நான் வியாபாரியின் ஆளிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, தமிழில் கேட்டேன்.

“அண்ணே, இந்தக் காயி என்ன தரம்?”

“இதுக்கென்ன ஆத்தா கொறச்சலு? மொதத் தரந்தான். மொதத் தரத்து வெலதான் சொல்லியிருக்கேன்.”

அதை நான் மலையாளத்தில் சொன்னேன். நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் பழைய மூட்டைகளை நினைக்கத் தொடங்கியது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

“பொம்பளப் புள்ளைக்குத் தராசுக்கிட்ட என்ன சோலி?” என்றார் மாமா. எழப் போனார். கைசர் உறுமியது, மறுபடி உட்கார்ந்தார்.

“நீங்க பாத்த சோலிதான் மாமா. அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல பாத்தீகளே, அதே சோலி. நான் உள்ளதச் சொல்றேன், அம்புட்டுத்தான் வித்தியாசம்.”

அவருடன் நான் பேசிய கடைசித் தமிழ் அது. நியாயத்துக்காகச் செய்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம். குடியேறிகளின் காசு திரும்பியது நல்லதே. ஆனால் அது என் கணக்கில் இல்லை. மடிந்த காதுள்ள ஒரு நாயை, காட்டைக் காட்டிக் கட்டச் சொன்ன வாய் இனி யாருக்கும் பயன்படக் கூடாது என்பது மட்டுமே நான் விரும்பியது. இப்போது அது பயன்படுவதில்லை. துண்டு அவர் தோளில் சும்மா கிடக்கிறது. எடை போடும் நாட்களில் என்னைக் கூப்பிட ஆள் வருகிறது. அந்தக் கூலியில் நான் மறுபடி மதுரையில் படிக்கிறேன்; எடைநாளுக்கு மலையேறி வந்துவிடுவேன். “அண்ணன் மொகத்துல எப்படிடி முழிப்பேன்?” என்று அம்மா கேட்கிறாள். முழிக்க வேண்டாம் என்கிறேன்.

சேச்சியின் ஆட்கள் என்னைப் பாண்டிக்காரி, அதாவது தமிழச்சி, என்கிறார்கள், அன்போடுதான். போடிக் கடைகளில் நான் மலையாளத்துப் பொண்ணு. கைசருக்கு ஊசி போட அவ்வப்போது போடிக்கு இறங்குகிறோம். முள்பட்டையோடு பஸ்சில் ஏற்ற கண்டக்டர் ஒப்பமாட்டார்; மெட்டில் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே எந்த நாய்க்கும் அது தேவையில்லை. கழற்றினால் கைசரும் ஒரு தெருநாய், பிள்ளைகள் கல்லை எடுக்கிறார்கள். திரும்பி வந்து மெட்டில் இறங்கியதும் மாட்டிவிட வேண்டும்.

போன முறை மெட்டுத் தேநீர்க் கடையில் மாமா உட்கார்ந்திருந்தார். “மாப்ளே சொகமா இருக்காகளா ஆத்தா?” என்றார், எதுவும் நடக்காதது போல. “சுகம் தன்னெ” என்று மலையாளத்தில் சொன்னேன். பக்கத்தில் இருந்த போடிக்காரர் ஒருவர், “என்னண்ணே சொல்லுது அந்தப் பொண்ணு?” என்று அவரைக் கேட்டார். மாமா தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மொழிபெயர்க்கவில்லை.

நான் குனிந்து பட்டையை மாட்டினேன். ஆணியெல்லாம் வெளிப்பக்கம் பார்க்கின்றன. மாட்டுகிற கையைத்தான் முதலில் குத்துகின்றன. காலையில் இதே இடத்தில் அதைக் கழற்றும்போது, “வா, ஊருக்குப் போவோம்” என்று கைசரிடம் சொல்லியிருந்தேன். கொக்கியை இறுக்கிவிட்டு மறுபடியும் அதையேதான் சொன்னேன். அது காலையில் போலவே வாலை ஆட்டியது.