கடலரிப்புக்குச் சிவப்புக் கோடு

எந்த வீட்டைக் கடல் எடுத்துக்கொள்ளும் என்று வரைபடத்தில் கோடு போடுகிறவனோடு யாரும் சிநேகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எழுபதுகளில் திருவொற்றியூர்க் கரையில் எனக்கு அதுதான் உத்தியோகம். வரைபடமே கதி என்று காலம் தள்ளும் சகபாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லி அழுவேன்!

பூட்டிய அறை

விமானத்திலிருந்து எடுத்த படங்கள் ரகசியம் என்பதால், அறையைப் பூட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இரண்டு படங்களை அருகருகே வைத்து இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கரையும் கூரையும் மேடு பள்ளமாக எழுந்து நிற்கும். ஆள் மட்டும் தெரியாது. ராயபுரத்து வாடகை அறையிலும் எனக்கு யாரும் கிடையாது. நாள் முழுக்க என் காதில் விழும் ஒரே குரல் பியூன் மாணிக்கத்தினுடையது. ஆசைப்பட்டான் என்று ஒருநாள் அவனையும் பார்க்கவிட்டேன். கண்ணை எடுத்துவிட்டுக் கேட்டான்: "மனுசனே இல்லாத ஊரையா சார் நாள் பூரா பாத்துகினு கீறீங்க?"

டேப்போடு ஒரு நடை

கோட்டுக்குக் கடல் பக்கம் உள்ள வீடுகளுக்கு அரசாங்கம் ஊருக்குள் மனை தரும். மறுபக்கத்துக்கு ஒன்றும் கிடையாது. அதனால் நான் டேப்போடு குப்பத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். சாப்பிட்டாயா என்று கேட்டவள் மீன் விற்கும் தனம்மா ஒருத்திதான். அவள் குடிசையோ கோட்டுக்கு மறுபக்கம். படத்தில் உன் வாசலுக்கு முன்னால் எவ்வளவு மணல் இருக்கிறது, பயப்படாதே என்று விளக்கினேன். அவள் சிரித்தாள். "கார்த்திகைல வந்து அளந்து பாரு நைனா. டேப்பே வாணாம், வாசல்ல நின்னாலே காலு நனையும்."

மாசி மாதத்துப் படம்

ஆபீசுக்கு வந்து படத்தின் ஓரத்தில் தேதியைப் பார்த்தேன். மாசி! மேகமில்லாத மாதத்தில்தான் விமானம் படம் எடுக்கும். அப்போது மணல் சேர்ந்து கரை அகலமாக இருக்கும். கடல் கரையைத் தின்பதோ மழை மாதத்தில். மாதக்கணக்கில் குனிந்து பார்த்த இந்த மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

கோட்டை நகர்த்த வேண்டும் என்று எழுதிக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கையெழுத்தாயிடுச்சுப்பா. கடலுக்காக ஃபைலைத் திரும்பத் திறக்க முடியுமா?"

பள்ளிக்கூட வராந்தா

கார்த்திகையில் மூன்று நாள் விடாத காற்று. தனம்மாவின் குடிசை இருந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அவள் பள்ளிக்கூட வராந்தாவில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். குப்பமே என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் போனேன். அழுகைதான் வந்தது. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "இன்னா நைனா, உன் படத்துல என் வூடு இன்னும் நின்னுகினுதான கீது?"

நின்றுகொண்டுதான் இருக்கிறது, எங்கள் ஆபீஸ் பீரோவுக்குள் எந்த அலையும் வருவதில்லை.