மரம் எழுந்து ஆடும் ரீலும் தணிகாசலம் அண்ணனும்

பெரிய பேரன் வேளாண்மை படித்து முடித்து வேலையில் சேர்ந்துவிட்டான். அடுத்தவள் நர்ஸ், போன மாசம்தான் முதல் சம்பளம். கடைக்குட்டி நிலா சென்னையில் அனிமேஷன் படிக்கிறாள், தானே வரைந்த இரண்டு நிமிஷக் கார்ட்டூனுக்கு முதல் பரிசு வாங்கி...

இவ்வளவும் காலையில் டைப் பண்ணி வைத்தது. நிலா கப்போடு நிற்கிற போட்டோவைச் சேர்த்து ஃபேஸ்புக்கில் போட இருந்தேன். அதற்குள் போன்.

தணிகாசலம் அண்ணன் போய்விட்டார்.

நேற்று ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். அவர் மகன் சேகர்தான் நைனார்பாளையத்திலிருந்து பேசினான்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போவதாக இருந்தோம். நானும் நிலாவும். இன்று வியாழன்...

வடக்கனந்தல் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. அங்கே அவர் ஆபரேட்டர். நான் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிப்பவள். அஞ்சாவது படித்ததற்குக் கிடைத்த வேலை.

அவர் ஓட்டிய படங்கள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. படத்துக்கு முன்னால் போடுவாரே ஒரு கருப்பு வெள்ளை பொம்மைப் படம், அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரே ரீல். ஏழு நிமிஷம்.

ஒரு கரடி ஆற்றில் துணி துவைக்கும். அவ்வளவுதான் கதை! வசனமே கிடையாது, மேளமும் பீப்பியும்தான். கரடி அடிக்கிற அடிக்குக் கல் குதிக்கும், வாளி இடுப்பை வளைக்கும், கொடியில் காய்கிற சட்டையெல்லாம் கை கோத்துக்கொள்ளும். எதற்கும் எலும்பே இல்லாத மாதிரி ஒரு வளைவு.

கடைசியில் கரையோர மரங்கள் வேரைப் பாவாடை மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக எழுந்து ஆடும். ஒரு இலையும் தாளம் தப்பாது. மடியில் கிடக்கிற பிள்ளைகூடக் காலை உதைக்கும்.

அந்த இடத்தில் கேபினுக்குள் அண்ணன் சிரிக்கிற சத்தம் வெளியே கேட்கும். தினமும் ஓட்டுகிறவர்... தினமும் சிரிப்பார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். மரத்தை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. சேலத்திலிருந்து வரவேண்டிய படப்பெட்டி வரவில்லை. பஸ்ஸோடு மாட்டிக்கொண்ட ஜனங்கள் குழந்தை குட்டியோடு எங்கள் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே அழுகை. என் மகளுக்கு அப்போது அஞ்சு வயசு, அவளும் சேர்ந்து அழுகிறாள்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, எல்லாம் அழுதுகினு கீதுங்க? கரடிய வுடட்டா?"

"படமே இல்லாம கரடி மட்டுமாண்ணா?"

"ஏன், கரடிக்கு இன்னா கொறச்சல்?"

டிக்கெட் இல்லாமல் ஓட்டினார். முடிந்ததும் இன்னொரு தடவை என்று கத்தினார்கள். ரீலைக் கையாலேயே திருப்பிச் சுற்றி மறுபடியும் போட்டார். ஆறு தடவை!

மரங்கள் எழுந்தபோது ஒரு பெரியவர் கத்தினார். "யோவ் ஆபரேட்டரு, அதுங்கள ரோட்டாண்ட இட்டுகினு போய்யா! கீழ கெடக்கறதுங்களும் பாத்து எய்ந்து போவட்டும், நான் வூட்டுக்குப் போவணும்!"

கொட்டகையே சிரித்தது. மரம் வெட்டியவர்களில் இரண்டு பேர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

அடுத்த நாள் நான் ஒரு காரியம் செய்தேன். இதுவரை வெளியே சொன்னதில்லை.

மகள் "மரம், மரம்" என்று சோறே தின்னவில்லை. அண்ணன் டீ குடிக்கப் போன நேரம் கேபினுக்குள் போய், மரம் எழுகிற இடத்தில் ஒரு முழம் பிலிமை பிளேடால் அறுத்துவிட்டேன். அவர் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன் இல்லையா... பசை தடவி ஒட்டியும் வைத்தேன்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். சாயங்காலம் அந்த இடத்தில் மேளத்தில் ஒரு அடி விழாமல் போனது. தாளமே தப்பாத படம், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

முதலாளி ஓடி வந்தார். "ரீல இன்னாய்யா பண்ண? கண்ண எங்க வெச்சிகினு ஓட்ற?"

"அறுந்துபோச்சி மொதலாளி. நாந்தான் ஒட்டனேன்."

எல்லோர் எதிரிலும் திட்டு வாங்கினார். நான் டிக்கெட் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த இடம் வரும்போது கேபினிலிருந்து சிரிப்பு வரவில்லை. கொட்டகை மூடுகிற வரைக்கும்.

அந்தப் பிலிமை ஒரு பவுடர் டப்பாவில் வைத்திருந்தேன். மகள் வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். பிறகு அவள் பெண் நிலா. "ஆயா, இருபத்து நாலு கட்டம் கீது, மரம் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல" என்று அவள்தான் எண்ணிச் சொன்னாள். பென்சிலை எடுத்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவை அவர் கையில் கொடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. மூணு நாள் பொறுத்திருக்கக் கூடாதா அண்ணா?

போனில் சேகரிடம் வாய் தவறி வந்துவிட்டது. "உங்கப்பாவாண்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேம்பா..."

"மரம் சமாச்சாரமா அத்த?"

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அப்பா எத்தினியோ வாட்டி சொல்லிக்கீது அத்த. 'நான் ஒட்டனா அப்டி கோணலா இருக்காதுடா. டிக்கெட் கிழிக்கிற பொண்ணு, புள்ளைக்காவ எடுத்துகினு போயிருக்கும்'னும். சொல்லிட்டு சிரிக்கும்."

சிரிக்கும் என்றான். போனை வைத்து ஒரு மணி நேரம் ஆகிறது... இன்னும் அதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணா, நிலா பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவோம். டப்பாவும் வருகிறது.

சேகர், நீ அஞ்சலிக்குப் போட்டிருக்கிற போட்டோ ஆதார் அட்டையில் இருப்பது. முறைக்கிற மாதிரி இருக்கிறது. அதை எடுத்துவிடுப்பா.

மரக்கதை சொல்லிச் சிரிக்கும்போது யாராவது ஒரு போட்டோ எடுத்திருப்பீர்கள். தேடிப் பார்த்து அதைப் போடு. அவர் சிரித்து நான் கேட்டதுதான், பார்த்ததில்லை.